கிளி விழ எத்தனை கிராம்

இன்னும் ஒரு கிராம்

"இன்னும் ஒரு கிராம் எடு" என்று சொல்லி அவொக்கா அம்பை மேசைமேல் வீசினார். அது உருண்டுபோய் வஜ்ரப் பசைக் கிண்ணத்தில் இடித்து நின்றது. காலையிலிருந்து அதே அம்பை மூன்று தடவை இழைத்திருந்தேன். நான்காம் தடவை இழைக்க அதில் மரம் மிச்சமில்லை.

அம்பு வியாபாரம் மற்ற வியாபாரம் மாதிரி இல்லை. மற்றக் கடைகளில் எடை குறைந்தால் சண்டை, எங்கள் கடையில் கூடினால் சண்டை. தராசு பிடித்துப் பிழைக்கிறவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம். ஒரு நாள் வந்து என் முக்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

விஷயம் இவ்வளவுதான். வில்லை இழுத்து விட்டால் அதில் இருக்கிற வேகத்தை அம்பு வாங்கிக்கொண்டு போகவேண்டும். வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அம்பில் எடை இல்லாவிட்டால் மிச்ச வேகம் வில்லுக்கே திரும்பும்; வில் பிளக்கும். எடை குறைப்பதற்காக இழைத்து இழைத்து மெலிந்துபோன குச்சி என்றால், நாணை விட்டுப் புறப்படும்போதே வளைந்து ஒடியும். ஒடிந்த துண்டு வில் பிடித்திருக்கிற இடது கைக்குள் போகும். அவொக்காவின் வில் இருபது கிலோ இழுவை. அதற்கு என் கணக்கில் இரண்டரை ரூபாய் எடை அம்பு, கிராமில் சொன்னால் இருபத்தொன்பது. அன்று அது இருபத்தாறுக்கு வந்திருந்தது.

அந்த இடது கை அவொக்காவுடையது என்றால் அவர் பாடு என்று விட்டிருப்பேன். ஆனால் எங்கள் முதலாளி கடைப் பலகையில் "ஒவ்வோர் அம்பும் சோதித்துத் தரப்படும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வாங்குகிறவரின் வில்லிலேயே, கடைப் பின்கட்டில், வைக்கோல் கட்டைப் பார்த்து முதல் அம்பை விடுகிற வேலை ஆரோக்கியத்துக்கு. உழவர்கரையிலிருந்து நடந்தே வருவான். சாயங்காலங்களில் பேண்டு கோஷ்டியில் கிளாரினெட் வாசிப்பான். ஊரில் யார் லேசான அம்பு கேட்டாலும் முதலில் பந்தயம் வைக்கப்படுவது அவன் கை.

அவொக்கா என்றால் எங்கள் பிரெஞ்சு ஊரில் வக்கீல். இவர் தமிழர்தான், தாத்தா காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டு, குடும்பப் பேரையும் மாற்றிக்கொண்ட வீடு. வெள்ளைக்காரர்களின் வில் சங்கத்தில் அவரும் ஓர் அங்கத்தினர். வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் பாய்மரம் மாதிரி ஓர் உயரக் கம்பத்தின் உச்சியில் மரக்கிளி ஒன்றைச் செருகி வைப்பார்கள். கீழே நின்று அம்பு விட்டு அதை விழத்தட்டுகிறவர் அடுத்த வருஷம் வரைக்கும் சங்கத்துக்கு ராஜா. தமிழர் யாரும் அதுவரை ராஜா ஆனதில்லை. ஆகவேண்டும் என்று அவொக்காவுக்கு இருந்த வெறி எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் இருபத்தாறுக்குக் கீழே போகமாட்டேன் என்று சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கேட்டார்: "கிளி எங்க இருக்கு? மேல. மேல போறதுக்கு லேசா இருக்கணுமா, கனமா இருக்கணுமா? நீ சின்ன வயசுல பட்டமே விட்டதில்லையா?"

இரண்டரை ரூபாய்

கிராம் எடைக்கற்கள் கடையில் இருந்தன. நான் பழகியது ரூபாய் எடை. ஒரு வெள்ளி ரூபாய்க்கு எவ்வளவு கனம் என்று முத்தியால்பேட்டையில் எந்த ஆசாரியைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஆகவே அம்பின் வால்பக்கத்தில் பென்சிலால் "2½ ரூ" என்று எடையைக் குறித்து வைப்பேன்.

வில்லியனூர் அரிசி மில்காரர் ஒருவர் கார் வாங்கின கையோடு வில்லும் வாங்கியிருந்தார். அம்பைக் கையில் எடுத்து, குறிப்பைப் பார்த்து, "இரண்டுக்குக் கொடு" என்றார். முடியாது என்றேன். "இரண்டேகால்?" முடியாது. "ஒரு டஜன் எடுக்கறேன்யா." எத்தனை டஜன் எடுத்தாலும் உங்கள் வில்லுக்கு இரண்டரைக்குக் குறைந்தால் ஆபத்து என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. குறைத்தால் அம்பு உடையும், ஐயா, கையைக் கிழிக்கும் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

அவர் நேரே முதலாளியிடம் போனார். அவர் முதலாளியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "வெலையைக் கொறைச்சா ஒடையற சாமானை இன்னிக்குத்தான்யா பாக்கறேன்!"

ஒரே குடும்பம்

டாக்டர் மதாம், அதாவது டாக்டரின் பெண்சாதி, இந்த ஊரிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரி. ஆயாக்களிடம் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். திட்டும்போது இன்னும் சரளமாக வரும். அவர் வில் பதினைந்து கிலோ. புருஷனுடைய வில் இருபத்தேழு. புருஷனுக்கு நான் செய்த அம்புகளை எடுத்துக்கொண்டு போய் விட்டுப் பார்த்திருக்கிறார். பாதி வழியில் மூக்குக் குத்தி விழுந்திருக்கின்றன. ஒன்று அவர் நாய்க்குப் பக்கத்தில் விழுந்ததாம்.

புஷ்வண்டியிலிருந்து இறங்கும்போதே சத்தம் தொடங்கிவிட்டது. வண்டியைத் தள்ளி வந்த ஆள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தான். கனமான அம்பைத் தூக்க உங்கள் வில்லுக்குப் பலம் போதாது, உங்களுக்கு லேசானது வேண்டும், இது டாக்டர் முசேவின் வில்லுக்குச் செய்தது என்று விளக்கினேன். உள்ளபடிக்கு லேசான அம்பு வேண்டிய ஒரே வாடிக்கைக்காரர் அவர்தான், அவர் மட்டும்தான் கேட்கவில்லை. எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு வில்லுக்கு ஏற்றது இன்னொன்றுக்கு ஆகாது என்பதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லுவது?

மதாம் அம்புகளை என் மடியில் போட்டார். "இருவது வருஷமா அந்த மனுஷனோட தலைகாணியில படுக்கறேன், அவரு கரண்டியால சூப்பு குடிக்கறேன், அவரு அம்பு மட்டும் எனக்கு ஆவாதா?"

வால்

அந்த வருஷக் கிளிப் பந்தயத்துக்கு முதலாளி என்னையும் கூட்டிப்போனார், உடைந்த இறகுகளை ஒட்டிக்கொடுக்க. எங்களுக்கு இறகு வருவது வான்கோழியிலிருந்து. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வெள்ளைக்கார வீட்டுக் குசினிக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அவொக்கா நன்றாகவே குறி பார்த்தார். அதை நான் மறுக்கவில்லை. இருபத்தாறு கிராம் அம்பு மேலே போய்க் கிளியின் வாலிலேயே பட்டது. கிளி ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் எங்களைப் பார்த்து நின்றது. விழவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சுங்கத்துரை ஒருவர் தடித்த அம்பால் அதைச் சாய்த்து ராஜா ஆனார்.

கனம் இருந்தால்தான் பட்டதைத் தள்ளும், முசே. ஈ மோதினால் பானை உடையுமா, என்று வரும் வழியில் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. சிரித்த ஆள் யார் என்பதிலேயே அவர் மனம் இருந்தது. கடை வாசலில் நின்று, ஒரு முடிவுக்கு வந்தவராக முதலாளியிடம் சொன்னார்: "வேகம் பத்தல. இன்னும் லேசா வேணும்."

நல்லவேளை

கப்பலில் வந்த பாரீஸ் படப் பத்திரிகை ஒன்றை அவொக்கா கொண்டுவந்து விரித்தார். யாரோ ஒரு வீரர் மைதானத்தில் வெகுதூரம் எய்த படம். அவருடைய அம்பு பதினெட்டு கிராம் என்று கீழே அச்சிட்டிருந்தது. அந்த மனிதருடைய வில் என்ன, அம்பு என்ன மரம், ஒன்றும் இல்லை. பதினெட்டு மட்டும் இருந்தது.

செய்யமாட்டேன் என்றேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நாற்காலி பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி இருந்தது. அம்பைப் பக்கத்துத் தெரு நாற்காலித் தச்சனிடம் கொடுத்து இழைத்து வாங்கிவந்தார். விளக்குமாற்றுக் குச்சிக்குப் பித்தளை முனை வைத்த மாதிரி இருந்தது. "ஆரோக்கியம், சோதிச்சுக் கொடு" என்றார்.

"விடாதே" என்றேன் அவனிடம். "பலகையில எழுதி வெச்சிருக்காங்களே அண்ணே" என்று சிரித்தான். அவொக்காவின் வில்லை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். வில்லை முழுக்க இழுக்காதே, பாதி போதும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், முழுக்க இழுத்தால்தானே சோதனை என்று அவொக்கா குரல் கொடுத்தார். ஆரோக்கியம் முழுக்க இழுத்தான்.

காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். வைக்கோல் கட்டுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆரோக்கியம் வில்லைக் கீழே போடவில்லை, போட முடியவில்லை. கட்டைவிரலின் அடியில் நுழைந்த துண்டு மணிக்கட்டுப் பக்கமாக எட்டிப் பார்த்தது. நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக வில்லிலிருந்து பிரித்தேன்.

அவொக்கா வில்லை வாங்கி, மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார், விரிசல் உண்டா என்று. இல்லை. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு சொன்னார்: "நல்லவேளை, நான் இழுக்கல."

சுத்தமான தட்டு

மூன்றாம் நாள் ஆரோக்கியத்தின் மனைவி மரியாள் கடைக்கு வந்தாள். தேங்காய்த்திட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பணம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து முதலாளி முந்திக்கொண்டு டிராயரைத் திறந்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"பலகையில அந்த ஒரு வரியை அழிச்சுடுங்க ஐயா. வாங்கறவங்க சோதிச்சுக்கட்டும்" என்றாள்.

"பலகைக்குப் பெயிண்டு அடிச்சு ஒரு வருஷம்கூட ஆகலையேம்மா" என்றார் முதலாளி. கடைக்குப் பேர் வந்ததே அந்த வரியால்தான் என்றும் சொன்னார். அதுவும் உண்மை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

மரியாள் என் மேசைப் பக்கம் திரும்பினாள். என் தராசில் ஒரு பக்கம் அம்பு தொங்குவதற்கு இரண்டு கொக்கி, மறுபக்கம் எடைக்கல் வைக்க ஒரு தட்டு. அவள் அந்தத் தட்டை வெடுக்கென்று திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மார்க்கெட்டில் திருட்டுத் தராசைப் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சரக்குத் தட்டுக்கு அடியில் கொஞ்சம் புளியை ஒட்டி வைத்தால் முக்கால் வீசை மீன் ஒரு வீசை ஆகிவிடும்.

அடியில் ஒன்றும் இல்லை. தட்டை விட்டாள். அது ஆடி ஆடி நின்றது.

"புளி கிளி ஒண்ணுமில்ல. சுத்தமா எடை போட்டுத்தான் எங்க ஊட்டுக்காரர் கையை எடுத்திருக்கீங்க."

சுருதி

கை ஆறியது. விரல்களில் இரண்டு சரியாக மடங்கவில்லை. கிளாரினெட்டில் இடது கையால் மூடவேண்டிய துளை ஒன்றில் காற்றுக் கசிந்தது. கல்யாண ஊர்வலங்களுக்குக் கூப்பிடுவதை பேண்டு மாஸ்டர் நிறுத்திவிட்டார். சாவுக்கு மட்டும் கூப்பிட்டார்.

ஒரு சாயங்காலம் கடைத் தெருவழியாக ஒரு பெட்டி போயிற்று. பின்னால் பேண்டு. எல்லா வாத்தியத்துக்கும் நடுவில் ஒன்று மட்டும் பிசிறடித்தது எனக்குக் கேட்டது. நான் இழைப்புளியை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். ஆரோக்கியம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

மறுநாள் காலை வழக்கம்போல் வந்து வைக்கோல் கட்டை இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தான். ஏன் இன்னும் இங்கே வருகிறாய், வேறு வேலையா இல்லை உலகத்தில், என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். அவன் மேல் விழ எனக்கு என்ன உரிமை? ஆனால் யார்மேல் விழுவது? முதலாளி மேல் விழ முடியாது. அவொக்கா மேல் விழ முடியாது. பிசிறடித்ததே, உனக்குக் கேட்கவில்லையா என்று கத்தினேன்.

"கேட்டுச்சு அண்ணே. அதுக்கென்ன, சுருதி தப்பிடுச்சுன்னு செத்தவன் எழுந்து சண்டைக்கு வரப்போறானா?"

புளி

அடுத்த கிளிப் பந்தயம் நெருங்கியது. அவொக்கா வந்தார். பத்திரிகையிலிருந்து கத்தரித்த படத்தைப் பையிலிருந்து எடுத்தார். பதினெட்டு கிராம். போன தடவை இழைத்தவன் நாற்காலித் தச்சன், அதனால்தான் ஒடிந்தது. இந்தத் தடவை நீயே செய் என்றார். பாராட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். முதலாளி, "செய்வான், செய்வான்" என்றார். பின்கட்டில் ஆரோக்கியம் வைக்கோலைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

சரி முசே என்றேன். அன்று நான் வாதாடாததை யாரும் ஆச்சரியமாக நினைக்கவில்லை.

இரண்டரை ரூபாய் எடைக்கு ஓர் அம்பு செய்தேன். நல்ல பைன் மரம், நேரான நரம்பு, வான்கோழி இறகு, கிளிக்கு வைக்கிற மொட்டை முனை. என் ஆயுசில் அதைவிட நல்ல அம்பு செய்ததில்லை. பிறகு பக்கத்து மளிகையில் கொட்டை எடுத்த புளி வாங்கினேன். ஒரு வெள்ளி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக, பதினோரு கிராமுக்கு அளந்து உருட்டி, எடைக்கல் தட்டின் அடியில் அப்பினேன். கொக்கியில் ஓர் அம்பை எப்போதும் தொங்கவிட்டு வைத்தேன், வெறும் தராசு சாய்ந்து நிற்பதை யாரும் பார்த்துவிடாமல்.

அவொக்கா வந்து தம் கையாலேயே எடைக்கற்களை வைத்தார். பதினெட்டு கிராம். முள் நடுவில் நின்றது. "கொஞ்சம் தடியாத் தெரியுதே" என்றார். வேறு மரம் முசே, காற்று மாதிரி என்றேன். எடுத்து உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார். "ஆமா, பஞ்சு" என்றார்.

ஆரோக்கியம் பின்கட்டில் வில்லை வளைத்தான். முழுக்க இழுத்தான். ஒரு பொத்தென்ற சத்தம். வைக்கோலில் அம்பு இருந்தது. மடங்காத விரல்களோடு அந்தக் கை அப்படியே இருந்தது. அவன் அம்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தான். கையில் ஏந்தி மறுபடி பார்த்தான். பிறகு அதை அவொக்காவிடம் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளி விழுந்தது. சுற்றவில்லை, யோசிக்கவில்லை, கம்பத்தை விட்டுப் பறந்துபோய் மண்ணில் விழுந்தது. அவொக்காவைத் தோளில் தூக்கினார்கள். போன வருஷம் சிரித்த ஆளும் கை கொடுத்தான். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ராஜா தோளிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். மாலை கழுத்தில் இருந்தது. "பாத்தியா? எவ்வளவு வருஷமாத் தலையால அடிச்சுக்கறேன்! லேசா இருந்தாத்தான் விழும். இனிமேலாவது எங்கிட்ட வாதாடாதே."

மறுநாள் கடை திறக்கும்போதே சங்கத்துக்காரர்கள் வாசலில் நின்றார்கள். எல்லாருக்கும் ராஜாவின் அம்பு வேண்டும், பதினெட்டு கிராம், ஒரு கிராம் கூடக்கூடாது. முதலாளி ஏணியைப் போட்டுப் பெயிண்டரை ஏற்றியிருந்தார். "ஒவ்வோர் அம்பும் சோதித்துத் தரப்படும்" என்ற வரிக்கு மேலே "லேசான அம்புகள் இங்கே கிடைக்கும்" என்று புது வரி ஏறிக்கொண்டிருந்தது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டிச் சரக்கைக் கூடுதலாகக் கொடுத்தவன் இந்த ஊர்க் கடைக்காரர்களில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

"அண்ணே, அடுத்தது கொடுங்க" என்று பின்கட்டிலிருந்து ஆரோக்கியம் கூப்பிட்டான். காய்ந்து வெடித்திருந்த பழைய புளியை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு, புதிதாக ஓர் உருண்டையை எச்சில் தொட்டுத் தட்டின் அடியில் அழுத்தினேன்.